பழைய சின்னக் காரில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ மாதிரி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, அதிகப் பகட்டில்லாமல் கொஞ்சம் அழகு பண்ணி, ஏற்காடு ஏறும்போது சூடாகாதபடியும் செய்துவிடலாம் என்று சேலத்தில் நிறையப் பேர் இறங்குகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இரண்டையும் ஒரே வேலையாக நினைப்பதுதான் முதல் தவறு. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நீங்கள் ஏறப்போவது பெரும்பாலும் இரண்டாவது கியரில், முப்பதை ஒட்டிய வேகத்தில், அந்த வேகத்தில் பம்பரை எப்படிச் செதுக்கினாலும் காற்று கண்டுகொள்ளாது. அங்கே ரேடியேட்டரைக் காப்பாற்றுவது ஃபேன்தான்.

அதனால் எதையும் வெட்டுவதற்கு முன் ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா, சரியான சூட்டில் ஓட ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி. வண்டி என்றால் கண்டென்சருக்கும் (ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவில் வருடக்கணக்கில் சேர்ந்த தூசியும் பூச்சியும் மெத்தை மாதிரி அடைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். சரி, சூட்டைப் பொறுத்துக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடலாமா? பட்டறையில் சிலர் இன்னும் இதைச் சொல்கிறார்கள். மலையில் எஞ்சின் சூடாக இருக்கும்போது அது எப்படியும் முழுதாகத் திறந்துதான் இருக்கும், கழற்றுவதால் அங்கே லாபமில்லை. சமவெளியில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிப்பதுதான் மிச்சம்.

அடுத்தது பானெட். பின்பக்கக் கீலில் நாலு வாஷர் வைத்து லேசாகத் தூக்கிவிட்டால் சூடு வெளியே போய்விடும், பார்க்கவும் ரேஸ் கார் மாதிரி இருக்கும் என்பது பலரின் நம்பிக்கை. வண்டி நிற்கும்போது கொஞ்சம் போகும்தான். ஆனால் ஓமலூர் சாலையில் எண்பதில் போகும்போது முன் கண்ணாடியின் அடியில் காற்று மோதி அழுத்தம் கூடும், அதனால் அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே நுழையப் பார்க்குமே தவிர வெளியே வராது, ரேடியேட்டர் வழியாக வரவேண்டிய காற்றும் குறையும். அதோடு ப்ளோயர் காற்று எடுக்கும் இடமும் அங்கேயே இருப்பதால் எஞ்சின் வாடை நேராக உங்கள் மூக்குக்கு வரும். பானெட்டில் துளை போட்டே தீரவேண்டும் என்றால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்பாதியில் போட வேண்டும், மழைத்தண்ணீர், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் சொட்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் துளையே வேண்டாம்.

காசே செலவில்லாத நல்ல வேலை ஒன்று இருக்கிறது, யாரும் செய்வதில்லை, ஏனென்றால் வெளியே தெரியாது. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளைக் கெட்டி ஸ்பான்ஜால் அடைப்பது. காற்று சுலபமான வழியைத்தான் தேடும், சந்து இருந்தால் ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும். டிங்கரிங் வேலையின்போது கழற்றிய எஞ்சின் கீழ்த்தட்டையும் மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். கிரில்லுக்குப் பொடிக்கண் வலை போடாதீர்கள், பெரிய கண் போதும்.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டர் வாங்கி எஞ்சின் பக்கத்திலேயே மாட்டினால் அது இழுப்பது வெந்த காற்றைத்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தோடு பார்த்தால் காற்றின் அடர்த்தி அங்கே பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, பவரும் அதே கணக்கில் இறங்கும். இருப்பதையும் ஏன் கெடுக்க வேண்டும்? கம்பெனி கொடுத்த காற்றுக் குழாயில் விரிசல் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே போதும்.

டயர் விஷயத்திலும் கணக்குப் போடுங்கள். 800-க்கு வந்தது 145/70 ஆர்12 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலத்தில்). அழகுக்காக 155/65 ஆர்13 போட்டால் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் கூடும், ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இரண்டாவது கியர் திணறி முதலுக்கு வரவேண்டியிருக்கும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது பற்றி ஒரே வரி: வேண்டாம்.

அப்புறம் ஆர்.டி.ஓ. கம்பெனியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்போது இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார். ஆகவே கழற்றிய பழைய பம்பர், கிரில், சக்கரம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் பரணில் ஏற்றி வையுங்கள்.