பேஸ் கிடார்ல உப்பின வெனீர்: என் அனுபவம்

பாளையங்கோட்டை சர்ச் குயர்ல நான் வாசிக்கிற பேஸ், ஆர்டர் குடுத்து செஞ்சது, பாடி மேல தேக்கு வெனீர் (ஒட்டுன மெல்லிசு மரத்தகடு). ஐப்பசி மழை ஈரத்துல பிரிட்ஜ் (பாடியில தந்தியத் தாங்குற பாகம்) பக்கம் உப்பிட்டு, விரலால தட்டுனா டொக்கு டொக்குன்னு காலி சத்தம். ஆசாரி அண்ணாச்சி ஒருத்தர்ட்ட காட்டுனேன், "உரிச்சிராதீய, பசை மட்டுந்தான் விட்டுருக்கு"ன்னாவ.

வெள்ளை மரப்பசை சூட்டுல இளகும், இஸ்திரி பெட்டி வச்சாலே பிடிக்கும், ஆனா மேல பாலிஷ் இருந்துச்சுன்னா கொப்பளிச்சிரும், அதனால உப்பின இடத்துல மர ரேகை போற வாக்குலயே பிளேடால சின்னதா கீறி (குறுக்க கீறுனா தழும்பு மறையவே மறையாது), பசைய தண்ணி விட்டு இளக்கி சிரிஞ்ச்ல உள்ள ஏத்தி, பட்டர் பேப்பர், அதுக்கு மேல தட்டை பலகை, கிளாம்ப், ராத்திரி முழுக்க அப்படியே விட்டாச்சு. கசிஞ்ச பசைய ஈரத்துணியால உடனே தொடச்சிரணும்.

வெனீர் அரை மில்லி கனம்தான், மெஷின்ல தேய்ச்சா ஓட்டையாயிரும். நானூறு நம்பர் உப்புத்தாள், கையாலதான். அப்புறம் அரக்கு பாலிஷ். ஜாக்ல (வயர் சொருகுற ஓட்டை) களிம்பு, அதையும் சுரண்டி ஒன்பது வோல்ட் பேட்டரி மாத்துனேன். லோ ஈ (கீழ் சுருதி தந்தி) 41 ஹெர்ட்ஸ், இப்ப பாடி அதிராம கும்முன்னு நிக்கி.