சயாம் மரண ரயில்: சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கைவேலை வகுப்பு

பர்மாவின் மோல்மேன் வட்டாரத் தமிழ் வகுப்புகளுக்கு அக்டோபர் 17ஐ ஒட்டி வரும் ஞாயிறு பொருத்தமான நாள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை போர்க்கைதிகளையும் கூலியாட்களையும் வதைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17 அன்றுதான் கொங்கொய்த்தாவில் சேர்ந்தன. கீழே சொல்வது 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 12 பேருக்கான கணக்கு. இரண்டு மணி நேரம் ஆகும்.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளையைக் காவலாளியாகவும் இன்னொரு பிள்ளையைக் கூலியாளாகவும் நடிக்க விடாதீர்கள். ஐந்தாவது நிமிடத்தில் அது விளையாட்டாகிவிடும். குச்சி வைத்திருப்பவன்தான் எல்லோருக்கும் பிடித்தவனாகிவிடுவான். பட்டினி, காலரா படங்களும் வேண்டாம். இந்த வயதுக்குப் பயம் மனத்தில் தங்கும், விஷயம் தங்காது. நீளத்தையும் எண்ணிக்கையையும் கையால் தொட்டுப் பார்க்க வைத்தால் போதும்.

பாதையின் நீளம் 415 கி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4 மீட்டர் 15 சென்டிமீட்டர். வகுப்பறைத் தரையில் அடங்கிவிடும். தண்டவாளத்துக்குச் சணல் கயிறு இரண்டு, ஒவ்வொன்றும் 430 செ.மீ. நைலான் கயிறு எடுத்தால் இழுத்து அளந்தபின் சுருங்கிக் கணக்கைக் கெடுக்கும். சிலிப்பர் கட்டைக்கு 6 செ.மீ. மூங்கில் சீவல்கள். ஒவ்வொன்றிலும் இரு முனையிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே தள்ளி ஒரு சிறு வெட்டு போட வேண்டும். வெட்டுவதும் ஓரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதும் பெரியவர்கள் வேலை, முதல் நாளே முடித்து வையுங்கள். வெட்டு இல்லாமல் வெறும் பசையை நம்பினால் கயிறு உருண்டு நழுவிவிடும்.

5 செ.மீ.க்கு ஒரு கட்டை வைத்தால் எத்தனை வேண்டும் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். 83 என்பார்கள். இடைவெளிதான் 83, கட்டை 84. கீழே விழுவதற்கும் உடைவதற்கும் சேர்த்து 95 சீவி வைப்பது நல்லது.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு முனையில் தன்பியூசயட், மறுமுனையில் நொங் பிளாடுக் என்று எழுதுங்கள். தன்பியூசயட்டிலிருந்து 111 செ.மீ.யில் எல்லை, அதுவரை பர்மா, அப்பால் சயாம். 152 செ.மீ. பக்கம் கொங்கொய்த்தா. இந்த இடங்களைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறிக்காதீர்கள், முடிச்சு நீளத்தை விழுங்கிவிடும். கலர் நூல் கட்டுங்கள். உண்மைப் பாதையும் இரு முனையிலிருந்தும்தான் போடப்பட்டது. அதனால் பர்மா முனையில் 5 பேர், 31 கட்டை. சயாம் முனையில் 7 பேர், 53 கட்டை. இரு பக்கமும் சாக்பீஸ் கோட்டைப் பார்க்காமல் ஒட்டினால் நடுவில் சந்திக்கும்போது இரண்டு விரல் விலகி நிற்கும். திட்டாமல் பிரித்து ஒட்டச் சொல்லுங்கள். யார் முதலில் முடிப்பது என்ற போட்டி மட்டும் கூடவே கூடாது. 1943இல் காவலர்கள் ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று விரட்டிய மாதங்களில்தான், அதுவும் மழைக்காலத்தில், சாவு குவிந்தது. ஆசிரியர் வாயிலிருந்தும் அன்று ‘சீக்கிரம்’ வராமல் இருக்கட்டும்.

அடுத்தது புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஆயிரம் பேர். ஒரு தட்டில் 13 கொட்டைகள்: இறந்த போர்க்கைதிகள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து நாட்டவர் இவர்களில் அதிகம். இன்னொரு தட்டில் 80: கூலியாட்கள். அதன் பக்கத்திலேயே இன்னும் 20ஐத் தனியாக வையுங்கள். இறந்த கூலியாட்கள் 80,000 முதல் 1,00,000 வரை என்றுதான் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த 20 கொட்டையை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். எண்ணி எழுதி வைக்க ஆள் இல்லை என்பதே பதில். இறந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழரோடு பர்மியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் உண்டு. பர்மியர் தங்கள் ஆட்களை ‘வியர்வைப் படை’ என்று சொல்வார்கள். இதை விட்டுவிட்டு நம் கதையை மட்டும் சொன்னால் பக்கத்து வீட்டு பர்மியப் பிள்ளையிடம் நம் பிள்ளை தப்பாகப் பேசும்.

தன்பியூசயட் போர்க்கல்லறைக்குப் போக முடிந்தால் தாளை வைத்துத் தேய்த்து எழுத்தைப் படியெடுக்க விடாதீர்கள், பலகை கெடும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பலகையில் வயதை மட்டும் தேடிக் குறித்து வரட்டும். அங்கே 3,149 காமன்வெல்த் கல்லறைகளும் 621 டச்சுக் கல்லறைகளும் இருக்கின்றன. கூலியாட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. ரங்கூன் பிள்ளைகளுக்குத் தௌச்சான் போர்க்கல்லறை பக்கம். அங்குள்ள தூண்களில் பர்மாப் போரில் இறந்த ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர்.

கடைசியாகக் களிமண் பலகை. ஆளுக்கு ஒன்று, 8க்கு 5 செ.மீ., ஒரு விரல் கனம். பிள்ளைகள் பெயர் எழுதத்தான் துடிப்பார்கள். கற்பனைப் பெயர் வேண்டாம், பெருவிரல் ரேகை மட்டும் பதியட்டும். வெயிலில் வைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். நிழலில் செய்தித்தாள் மேல் பரப்பித் தினமும் திருப்பிப் போட்டால் ஒரு வாரத்தில் காயும், மழை விடாவிட்டால் இன்னும் நாளாகும். சுடாத மண் என்பதால் ஈரம் பட்டால் கரைந்துவிடும். கட்டி முடித்த ரயில் பாதையின் ஓரமாக, கூரைக்குக் கீழேயே அடுக்கி வையுங்கள்.