டெர்மினலில் தமிழ் உடைந்து தெரிகிறதா? எண்ணிப் பார்த்துச் சரிசெய்வோம்

உடைந்து தெரியும் தமிழ்க் கோப்பை எக்காரணம் கொண்டும் சேமிக்காதீர்கள். இதைப் படித்து வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். என் பெரியப்பா எங்கள் ஊர் ஒப்பாரிப் பாடல்களைப் பல வருடம் கேட்டுத் தட்டி வைத்திருந்தார். அந்தக் கோப்பை நான் ஒரு நாள் திறந்தேன். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்துகளும் வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக்குறிகளும் வரிசையாக நின்றன. பதறிப்போய் அதையும் இதையும் மாற்றிப் பார்த்துவிட்டு அப்படியே சேமித்தேன். திறந்தபோது கோப்பு நன்றாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்தது என் சேமிப்பு. என்ன கெட்டது என்று கீழே சொல்கிறேன்.

லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், கொடுக்க வேண்டிய கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். அதிகம் பழகாத கட்டளை என்றால் எழுத்து எழுத்தாகவும் சொல்லிவிடுகிறேன். ‘டி’ என்று வரும் எழுத்து டெர்மினல் என்ற சொல்லின் முதல் எழுத்து. ஓடி, டிபிகேஜி இரண்டில் மட்டும் அது டாக்டர் என்ற சொல்லின் முதல் எழுத்து.

முதலில், திரை மட்டும் கெட்டிருக்கிறதா?

படத்தையோ நிரல் கோப்பையோ தவறுதலாகக் கேட் கட்டளையில் காட்டிவிட்டால், அதற்குப் பிறகு தட்டுவதெல்லாம் கோடுகளும் மூலைகளுமாகத் தெரியலாம். அந்தக் கோப்பில் இருந்த 14 என்ற மதிப்புள்ள பைட் (கோப்பு என்பதே 0 முதல் 255 வரையுள்ள இத்தகைய எண்களின் வரிசைதான்), டெர்மினலைக் கட்டம் வரையும் எழுத்துகளுக்கு மாற்றிவிட்டிருக்கும். ரீசெட் என்று தட்டி என்டர் அழுத்துங்கள். தட்டுவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் கட்டளை வேலை செய்யும். இதில் சரியாகிவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

மூன்று சாட்சிகள்

ரீசெட் உதவவில்லை என்றால், கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கோப்பில் உள்ள பைட்டுகள், அவற்றை எப்படிப் படிப்பது என்று நிரல்களுக்குச் சொல்லும் லொகேல், எழுத்தை வரைந்து காட்டும் திரை. எங்கே என்று தெரியாமல் கை வைத்தால் நல்லதும் கெட்டுப்போகும். அதனால் முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கோப்பை நாமே உண்டாக்கிக்கொள்வோம். தமிழ் விசைப்பலகைகூட வேண்டாம்:

பிரின்ட்எஃப் '\340\256\244\340\256\256\340\256\277\340\256\264\340\257\215' > 101

101 என்பது கோப்பின் பெயர். உள்ளே இருப்பது ‘தமிழ்’ என்ற ஒரே சொல். அந்த எண்கள் எட்டின் அடிப்படையில் எழுதப்பட்ட பைட்டுகள்.

நம் கண்ணுக்குத் ‘தமிழ்’ 3 எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வட்டில் அது 15 பைட். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆகும். 1992 செப்டம்பரில் கணினி வல்லுநர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தட்டுக்குக் கீழே விரிக்கும் தாளில் வரைந்து பார்த்த முறை இது. இன்று லினக்ஸ் முழுக்க இதுதான் புழங்குகிறது. 3, 5, 15 என்ற இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இப்போது ஒவ்வொரு சாட்சியாகக் கேட்போம்.

கேட் 101

கேட் எதையும் மாற்றாது. பைட்டுகளை அப்படியே திரைக்குத் தள்ளிவிடும். ஆகவே இங்கே ‘தமிழ்’ என்று தெரிந்தால் திரை நலம். கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வந்தால், டெர்மினலின் அமைப்புகளில் குறியாக்கம் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) யூடிஎஃப்-8 அல்லாமல் வேறு எதுவாகவோ இருக்கிறது. மெனுவில் போய் மாற்றிவிடுங்கள்.

டபிள்யூசி -எம் 101

இது எழுத்துக் குறிகளை எண்ணும் கட்டளை. 5 என்று வந்தால் லொகேல் சரி. 15 என்று வந்தால், நிரல்கள் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக நினைக்கின்றன என்று பொருள். கோளாறு லொகேலில்.

ஓடி -டி யூ1 101

ஓ, டி என்ற இரண்டே எழுத்துக் கட்டளை. பைட்டுகளைப் பத்தின் அடிப்படையில் எண்களாகக் காட்டும். இடது ஓரத்தில் வரும் ஏழு இலக்க எண் வெறும் வரிசை எண், அதை விட்டுவிடுங்கள். மற்றபடி இப்படி வரும்:

224 174 164 224 174 174 224 174 191 224 174 180 224 175 141

நல்ல தமிழின் கைரேகை இதுதான். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்களில் எதை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது பைட் மட்டும்தான் குறிக்குக் குறி மாறும்.

லொகேல் தவறாக இருந்தால்

டபிள்யூசி 15 என்று சொன்னவர்களுக்கு இந்தப் பகுதி. இதன் வேறு அடையாளங்களும் உண்டு. எல்எஸ் கட்டளை தமிழ்க் கோப்புப் பெயரை 340, 256 என்று சாய்கோட்டு எண்களாகக் காட்டும். லெஸ் கட்டளை கூர் அடைப்புகளுக்குள் ஈ0, ஏஈ என்று காட்டும். ஒரே சாளரத்தில் பல டெர்மினல்களைத் திறக்கும் டிமக்ஸுக்குள் தமிழ் இருக்கும் இடமெல்லாம் அடிக்கோடாகத் தெரியும்.

லொகேல் (எல், ஓ, சி, ஏ, எல், ஈ) என்று தட்டிப் பாருங்கள். எல்சி_சிடைப் என்ற வரியில் யூடிஎஃப்-8 என்று முடிய வேண்டும். வெறும் சி அல்லது பாசிக்ஸ் என்று இருந்தால் அதுதான் காரணம். தற்காலிகமாகச் சரிசெய்ய:

அன்செட் எல்சி_ஆல் எல்சி_சிடைப்
எக்ஸ்போர்ட் லாங்=சி.யூடிஎஃப்-8

எல்சி_ஆல், எல்சி_சிடைப், லாங், சி, யூடிஎஃப் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வரியை விட்டுவிடாதீர்கள். எல்சி_ஆல் இருந்தால் மற்ற இரண்டையும் அமுக்கிவிடும், எல்சி_சிடைப் இருந்தால் லாங்கை அமுக்கிவிடும். லாங்கை மாற்றியும் பலனில்லை என்று பலர் தவிப்பது இதனால்தான். மறுபடியும் டபிள்யூசி போட்டுப் பாருங்கள், 5 வரும்.

நிரந்தரமாக மாற்ற, டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் சூடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ் என்று தட்டிப் பட்டியலில் யூடிஎஃப்-8 என்று முடியும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஃபெடோரா போன்றவற்றில் சூடோ லொகேல்சிடிஎல் செட்-லொகேல் லாங்=சி.யூடிஎஃப்-8 என்று கொடுக்கலாம். அப்புறம் வெளியேறி மீண்டும் உள்ளே வாருங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் தெரிவதற்குத் தமிழ் லொகேல் தேவையில்லை. அதைத் தேர்ந்தெடுத்தால் தேதி வடிவமும் கட்டளைகளின் செய்திகளும் தமிழுக்கு மாறும், அவ்வளவுதான். ஆங்கில லொகேலாக இருந்தாலும் யூடிஎஃப்-8 என்றால் தமிழ் ஒழுங்காக வேலை செய்யும்.

நம் கணினியில் எல்லாம் சரியாக இருந்து, எஸ்எஸ்எச் வழியாக வேறு சர்வருக்குள் போனதும் ‘லொகேலை மாற்ற முடியவில்லை’ என்ற எச்சரிக்கை வருகிறதா? பல லினக்ஸ் வகைகளில் நம் லாங் மதிப்பை எஸ்எஸ்எச் கூடவே எடுத்துச் செல்கிறது. அந்த லொகேல் சர்வரில் உண்டாக்கப்படாமல் இருக்கும். அங்கே லொகேல் -ஏ என்று கேட்டு, இருப்பவற்றில் யூடிஎஃப்8 என்று முடியும் ஒன்றைப் பயன்படுத்துங்கள். டாக்கருக்குள்ளும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் ஓடும் வேலைகளிலும் பெரும்பாலும் லாங் மதிப்பே இருக்காது. கையால் ஓட்டினால் சரியாக வரும் ஸ்கிரிப்ட் இரவில் கிரானில் ஓடும்போது மட்டும் தமிழை உடைத்தால், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே மேலே சொன்ன எக்ஸ்போர்ட் வரியைச் சேருங்கள்.

கிட் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. லொகேல் சரியாக இருந்தாலும் கிட் ஸ்டேட்டஸ் தமிழ்ப் பெயர்களைச் சாய்கோட்டு எண்களாகவே காட்டும். கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ் என்று ஒருமுறை கொடுத்தால் போதும். கோட்பாத் என்பதை க்யூ, யூ, ஓ, டி, ஈ, பி, ஏ, டி, எச் என்று சேர்த்துத் தட்டுங்கள்.

திரையில் கோளாறு என்றால்

எழுத்துரு இருக்கிறதா என்று பார்க்க எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ என்று கேளுங்கள் (இங்கே லாங் சிறிய எழுத்தில்). பதில் வெறுமையாக இருந்தால் நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். உபுண்டுவில் லோகித் தொகுப்பின் பெயர் ஃபான்ட்ஸ்-லோகித்-டிஏஎம்எல்.

எழுத்துரு இருந்தும் ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளி தள்ளிப்போகிறது, கர்சர் ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் இருக்கிறது என்றால், அது குறியாக்கப் பிழையே இல்லை. டெர்மினல் ஒரே அகலமுள்ள கட்டங்களில் எழுதும் கருவி. ‘ஔ’வையும் ‘ர’வையும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைக்க அது படும் பாடு இது. வேறொரு டெர்மினலை முயன்று பாருங்கள். எம்எல்டெர்ம் பல மொழிகளுக்கென்றே எழுதப்பட்டது. எதுவும் சரிப்படாவிட்டாலும் கோப்பைத் தொட வேண்டாம், பைட்டுகள் நலமாக இருக்கின்றன. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வரும் கறுப்புக் கன்சோலில் தமிழை எதிர்பார்க்கவே வேண்டாம். அதன் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்களுக்குத்தான் இடம்.

கோப்பே கெட்டிருந்தால்

101 சரியாகத் தெரிகிறது, உங்கள் கோப்பு மட்டும் தெரியவில்லை என்றால் இங்கே வாருங்கள். முதலில் சிபி கட்டளையால் ஒரு நகல் எடுங்கள். பிறகு கோப்பை ஓடி கட்டளையில் போட்டு முதல் சில வரிகளைப் படியுங்கள். கோப்பின் பெயர் ‘பழையது’ என்றும், மாற்றி எழுதும் கோப்பின் பெயர் ‘புதியது’ என்றும் வைத்துக்கொள்வோம்.

தொடக்கத்தில் 255 254 வந்து, நெடுகிலும் 11 என்ற எண் ஒன்று விட்டு ஒன்றாக வந்தால் அது யூடிஎஃப்-16. விண்டோஸிலிருந்து வந்திருக்கலாம். மாற்றுவது எளிது:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-16 -டி யூடிஎஃப்-8 பழையது > புதியது

ஐகான்வ் என்பதை ஐ, சி, ஓ, என், வி என்று தட்டுங்கள். தொடக்கத்தில் 239 187 191 மட்டும் ஒட்டிக்கொண்டு மற்றதெல்லாம் 224 174 என்று இருந்தால் கோப்பு நல்லதுதான். ஸ்கிரிப்ட் கோப்பாக இருந்தால் மட்டும் அந்த மூன்று பைட்டுகளை நீக்க வேண்டும்.

195 160 194 174 என்று தொடங்கி அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால், யாரோ நல்ல யூடிஎஃப்-8 கோப்பை மேலை ஐரோப்பியக் குறியாக்கம் என்று தவறாகத் திறந்து, மறுபடி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்கிறார்கள். ‘தமிழ்’ இப்போது 15 பைட்டுக்குப் பதில் 30 பைட். போன வழியே திரும்பி வரலாம்:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-8 -டி ஐஎஸ்ஓ-8859-1 பழையது > புதியது

இடையில் புகுந்தது விண்டோஸ்-1252 (மேலை ஐரோப்பியக் குறியாக்கத்தின் விண்டோஸ் வடிவம்) என்றால் இந்தக் கட்டளை பாதியில் நின்றுவிடும். அதற்கு எஃப்டிஎஃப்ஒய் என்ற பைத்தான் நிரலகத்தை முயலுங்கள். ஆனால் பெரியப்பாவின் கோப்புக்கு அதுவும் முழுதாக உதவவில்லை. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 என்ற ஐந்து இடங்கள் காலி. சில நிரல்கள் அந்த பைட்டுகளைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும், அதாவது 63. தமிழில் 129 என்று முடிவது உகரக் குறி. 141 என்று முடிவது புள்ளி. 143 ஏ, 144 ஐ. நான் சேமித்தபோது புள்ளியும் உகரமும் ஒரே கேள்விக்குறி ஆகிவிட்டன. ஒரு வரியில் இருந்தது ‘பேர்’ என்பதா ‘பேரு’ என்பதா, ‘ஆள்’ என்பதா ‘ஆளு’ என்பதா? ஒப்பாரியில் அது முக்கியம், ஓசையே அதில்தான் இருக்கிறது. பாடிய பாட்டிகளில் பலர் இன்று இல்லை. உங்கள் கோப்பில் 224 175 63 என்று தென்பட்டால் அதைக் கணினியால் மீட்க முடியாது. வேறு நகல் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

224 174 என்ற வரிசையே இல்லாமல், 128க்கு மேற்பட்ட எண்கள் தனித்தனியாக இறைந்து கிடந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய காலத்துத் தமிழ்க் கோப்பு. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் கூடிய தமிழர்கள் பேசி உருவாக்கிய டிஸ்கி குறியாக்கமாக இருக்கலாம். லினக்ஸின் ஐகான்வுக்கு டிஸ்கி தெரியும் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் விஷயம்:

ஐகான்வ் -எஃப் டிஎஸ்சிஐஐ -டி யூடிஎஃப்-8 பழையது > புதியது

டிஸ்கியில் கொம்பை எழுதும் வரிசைப்படியே எழுத்துக்கு முன்னால் வைப்பார்கள். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். அந்த இடமாற்றத்தையும் ஐகான்வே பார்த்துக்கொள்ளும். விளைந்தது தமிழாகப் படிக்க முடியாவிட்டால் கோப்பு டாப் அல்லது டாம் முறையில் இருக்கக்கூடும். 1999இல் சென்னையில் நடந்த இணையத் தமிழ் மாநாட்டின் வழியே வந்தவை அவை.

கடைசி வகைதான் பலரைக் குழப்புவது. எண்கள் எல்லாம் 128க்குக் கீழே. ஃபைல் கட்டளையைக் கேட்டால் வெறும் ஆஸ்கி என்கிறது. திரையில் ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. பைட்டுகள் ஆங்கிலம், எழுத்துரு மட்டும் தமிழ் உருவம் போட்டுக் காட்டியது. கணினியின் பார்வையில் இது ஆங்கிலக் கோப்பு என்பதால் ஐகான்வால் ஒன்றும் செய்ய முடியாது. ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் பாமினி, டாப், டாம் எல்லாவற்றையும் யூனிகோடாக்கும் பகுதிகள் இருக்கின்றன. அதே கோப்பில் உண்மையான ஆங்கிலச் சொற்கள் கலந்திருந்தால் அவையும் தமிழாக மாறிவிடும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

மாற்றி முடித்ததும் புதிய கோப்பைச் சோதியுங்கள்:

ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-8 -டி யூடிஎஃப்-8 புதியது > /டெவ்/நல்

எதுவும் பேசாமல் முடிந்தால் பைட் அளவில் பிழை இல்லை. ஆனால் தொலைந்த எழுத்துக்குப் பதில் வந்த கேள்விக்குறி இந்தச் சோதனையில் மாட்டாது. அதற்கு கிரெப் -என் '?' புதியது என்று தேடி, கேள்விக்குறி சொல்லின் நடுவில் நிற்கும் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.