பாரில் அலையேறப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் லீவு விட்டால் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங், அதாவது பலகையில் நின்று அலையேறுவது, பழகுகிறார்கள். கொஞ்சம் கை வந்ததும் இலங்கைக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். கோவளத்தில் காலுக்கு அடியில் மணல். ஹிக்கடுவையிலும் மிதிகமவிலும் பல இடங்களில் பாறையும் பவளமும். நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்வது இதைத்தான். அங்கே போகிறவர்களிடம் நான் விடாமல் சொல்லும் விஷயங்கள் இவை.

முதல் தவறு, போனதும் பலகையோடு தண்ணீரில் இறங்குவது. அரை மணி நேரமாவது கரையில் உட்காருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அப்புறம் கடல் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியை மட்டும் பார்த்தவர்தான் ‘சின்ன அலை’ என்று ஏமாந்து இறங்குவார். மணல்திட்டு இடம் மாறும், பார் மாறாது. அதனால் அலை ஏறக்குறைய ஒரே இடத்தில் உடையும். கொண்டை ஊசி வளைவுகளை மனப்பாடமாக வைத்திருக்கும் நமக்கு இதைப் படிப்பது கஷ்டமில்லை. பாருக்குப் பக்கத்தில் அலை உடையாத ஆழமான வாய்க்கால் ஒன்று பெரும்பாலும் இருக்கும். பழகியவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே போவார்கள்.

அடுத்தது, ஓதத்தை, அதாவது கடல் நீர் ஏறி வற்றுவதை, கணக்கில் எடுக்காதது. பொதுவாக, தன் உயரத்தைப்போல் 1.3 மடங்கு ஆழம் உள்ள இடத்தில் அலை உடையும். அதாவது இடுப்பளவு அலை உடையும் இடத்தில் தண்ணீர் ஏறக்குறைய நெஞ்சளவுதான் இருக்கும். உடையும்போது முன்னாலிருக்கும் தண்ணீரை அலை உறிஞ்சிக்கொள்வதால் இன்னும் குறையும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே 6 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இலங்கையின் தென்கரையில் நீர்மட்ட வித்தியாசம் 1 மீட்டரைக்கூட எட்டாது. ஆனால் பாரின் மேல் ஒரு சாண் குறைந்தாலும் விழுகிறவருக்குப் பெரிய வித்தியாசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம்.

விழும் விதம்தான் எனக்கு மிகவும் கவலை. ஓடைக் கசத்தில் தலைகீழாகக் குதித்துப் பழகிய பிள்ளைகள் இங்கேயும் அப்படியே பாய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதுகோ பக்கவாட்டோ படும்படி தட்டையாக விழுங்கள், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். தரையைத் தேடிக் காலை ஊன்றாதீர்கள். பாறை இடுக்கில் கால் சிக்கும், கடல் முள்ளெலியின் முள் ஏறும், பவளமும் நொறுங்கும். மேலே வரும்போது கை முன்னால் வரட்டும், பலகை திரும்பி முகத்தில் அடிக்கலாம். காலில் கட்டும் லீஷ் கயிற்றைத் தினமும் பாருங்கள். ரப்பர் ஷூ இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிடுகிறோம் இல்லையா? கடலிலும் முறை உண்டு. அலை உடையத் தொடங்கும் முனைக்கு அருகில் இருப்பவருக்கே அந்த அலை. கையால் துடுப்பிட்டு உள்ளே போகிறவர், அலையில் வருகிறவரின் பாதையைக் குறுக்கிடக் கூடாது. நுரையில் அடி வாங்கினாலும் பரவாயில்லை, ஒதுங்குங்கள்.

காயத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். பவளக் கீறல் சின்னதாகத் தெரியும், உள்ளே துணுக்குகள் தங்கிவிடும். எனக்குப் பாதத்தில் பட்ட கீறலை மேலாகக் கழுவிவிட்டு ஊர் திரும்பினேன். குளிருக்குக் கம்பளி சாக்ஸும் ஷூவுமாகத் திரிந்ததில் ஈரம் காயாமல் சீழ் வைத்து, மூன்று வாரம் நொண்டினேன். வலித்தாலும் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், துணுக்கை இடுக்கியால் எடுங்கள், கிருமிநாசினி போடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் என்று பாருங்கள். சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

தென்கரையில் சீசன் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. முதல் சில நாள் வெலிகமவின் மணல் குடாவில் கழியுங்கள். மிதிகமவில் ‘ராம்ஸ்’ என்றொரு இடம் இருக்கிறது, ஆழம் மிகக் குறைந்த பார். முதல் பயணத்தில் அதைக் கரையிலிருந்து பார்த்தால் போதும்.