பறக்கும் நேரத்தை நான் கணக்குப் போடும் விதம்

ஒரு ஜூலை மாதம், ஆக்லாந்தில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு விமானம் ஏறினாள் என் தங்கை. பன்னிரண்டு மணி நேரப் பயணம். லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மைத்துனரிடம், "சனிக்கிழமை காலையில் போய்க் கூட்டிக்கொள்ளுங்கள்" என்று நான்தான் சொன்னேன். அவளோ வெள்ளி பகல் ஒரு மணிக்கே இறங்கி, பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு போன் செய்தாள்: "அண்ணா, இங்கே யாரையும் காணோமே?"

அன்று முதல் கணக்குப் போடாமல் வாயைத் திறப்பதில்லை.

முதலில் தூரம். சுவரில் மாட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள், துருவத்தை நெருங்க நெருங்க அது நிலத்தை இழுத்துக் காட்டும். உலக உருண்டையும் ஒரு நூலும் போதும். என்னிடம் இருப்பது 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டை, சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. ஆகவே நூலில் ஒரு செ.மீ. என்றால் ஏறக்குறைய 425 கி.மீ. சிங்கப்பூரில் நூலை அழுத்திப் பிடித்து, நியூயார்க் வரை விறைப்பாக இழுத்தால் அது கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது! நீளம் 36 செ.மீ., அதாவது 15,300 கி.மீ. விமானம் அப்படியே போகும் என்றில்லை. பின்காற்று கிடைக்குமென்றால் பசிபிக் பக்கமாகச் சுற்றியும் போகும்.

அடுத்து நேரம். தூரத்தை 900ஆல் (விமானம் மணிக்குப் பறக்கும் கி.மீ., சுமாராக) வகுத்து, ஓடுபாதையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். 15,300க்கு 18 மணி நேரம் வரும். உண்மையில் பதினெட்டரைக்கும் சற்று மேலே ஆகிறது. மனக்கணக்குக்கு இது போதும்.

திசையையும் பார்க்க வேண்டும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் உண்டு. அதனால் நியூயார்க்கிலிருந்து லண்டன் சுமார் ஏழு மணி நேரம், திரும்பி வர எட்டு. 2020 பிப்ரவரியில் புயல் தள்ளிவிட, ஒரு விமானம் ஐந்து மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் போய்ச் சேர்ந்தது. வான்வழி மூடினால் கதை தலைகீழ்: 2022க்கு முன் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரம், ரஷ்ய வான்வெளி அடைபட்டதும் பதின்மூன்று.

சரி, இப்போது நான் சறுக்கிய இடம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். ஒன்றிலிருந்து ஒன்றை அப்படியே கழிக்கக் கூடாது, முதலில் யுடிசிக்கு, அதாவது உலகம் முழுதுக்கும் பொதுவான நேரத்துக்கு, மாற்ற வேண்டும். ஜூலையில் ஆக்லாந்து யுடிசிக்கு 12 மணி முன்னால். வெள்ளி இரவு 8 என்பது யுடிசியில் வெள்ளி காலை 8. பன்னிரண்டு மணி நேரம் பறந்தால் இரவு 8. லாஸ் ஏஞ்சலிஸ் ஏழு மணி பின்னால், ஆக வெள்ளி பகல் 1. கோடைக்கால நேர மாற்றம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைப்பது) இருக்கிற ஊர்களில் இந்த வித்தியாசம் ஆண்டுக்கு இரண்டு தடவை மாறும், பயணத் தேதிக்கு உரியதைப் பாருங்கள்.

இணைப்பு விமானம் என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகப் போட்டு, காத்திருப்பைக் கூட்டுங்கள். வந்து இறங்குவது ஹீத்ரோ, அடுத்தது ஏறுவது காட்விக் என்று இருந்தால், இரண்டும் லண்டன்தானே என்று விட்டுவிடாதீர்கள். நடுவே சாலைப் பயணம் இருக்கிறது.

அப்புறம், 14ஆம் தேதி 00:10 என்று டிக்கெட்டில் இருந்தால் 13ஆம் தேதி இரவே கிளம்பிவிட வேண்டும். தங்கை இதை மட்டும் இன்னமும் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள்கிறாள், இரண்டாவது தடவை மைத்துனரிடம்.