டூலா வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்

என் தலைப்பிரசவத்தில் டூலா (பிரசவ நேரத்தில் கூடவே இருந்து உதவ நாம் அமர்த்திக்கொள்ளும் துணை) அக்கா ஆறு மணி நேரம் லேபர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "ஒருத்தர்தான், அதுவும் சொந்தக்காரங்களா இருக்கணும்" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே வந்த அம்மா நான் கத்துவதைப் பார்த்து அழுதுகொண்டே வெளியே போய்விட்டார். இரண்டாவது பிரசவத்தில் அதே அக்கா கடைசிவரை என் பக்கத்தில் இருந்தார். இந்த முறை நான் மாற்றிச் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

டூலா மருத்துவச்சி அல்ல. பி.பி. பார்க்க மாட்டார், உள்பரிசோதனை செய்ய மாட்டார், பிரசவம் பார்க்கவும் மாட்டார். மூச்சு விடச் சொல்லித் தருவார், நடக்க வைப்பார், வலி ஏறும்போது இடுப்பை அழுத்திவிடுவார், தைரியம் சொல்வார். இதெல்லாம் எதற்கு என்று கேட்ட என் மாமியாரிடம் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2017-இல் வெளியிட்ட தொகுப்பைப் பற்றிச் சொன்னேன். 26 ஆய்வுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள். விடாமல் துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுதலாகவும் சிசேரியன் குறைவாகவும் இருந்திருக்கிறது.

சரி, முதல் வேலை: பிரசவம் எந்த ஊரில் என்று முடிவு செய்யுங்கள். மதுரை கே.கே. நகரில் செக்கப் போய்க்கொண்டிருந்துவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் உசிலம்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போனால் டாக்டரும் மாறுவார், டூலாவும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்தது நான் தடுக்கி விழுந்த இடம். டூலாவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். "துணைக்கு ஆள் வரலாமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டு "வரலாம்மா" என்ற பதிலை நம்பித்தான் ஏமாந்தேன். இப்படிக் கேளுங்கள்: உறவினர் அல்லாத டூலா லேபர் ரூமுக்குள் வரலாமா? அவர் வந்தால் கணவர் வெளியே போக வேண்டுமா? ராத்திரி டியூட்டியிலும் இதே விதிதானா? சிசேரியன் என்றால் தியேட்டருக்குள் யார் வரலாம்? பதிலை உங்கள் ஃபைலிலேயே டாக்டர் கைப்பட எழுதி வாங்குங்கள். வலி வரும் நேரத்தில் டாக்டர் வீட்டில் இருப்பார். வாசலில் நிற்கும் சிஸ்டருக்கு அந்தத் தாள்தான் பேசும். முடிந்தால் எட்டாம் மாதத்தில் டூலாவையும் ஒரு செக்கப்புக்குக் கூட்டிப்போய் முகம் காட்டிவிடுங்கள்.

அப்புறம் ஆளைத் தேர்ந்தெடுப்பது. சான்றிதழை விட, அதே மாதத்தில் அவருக்கு வேறு எத்தனை பிரசவம் இருக்கிறது, அவரால் வர முடியாவிட்டால் பதிலுக்கு யார் வருவார் என்பதுதான் எனக்கு முக்கியம். கட்டணத்தில் எத்தனை சந்திப்புகள் சேர்த்தி, பிரசவத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுக்க உதவ வருவாரா, சிசேரியன் ஆனால் பணம் எப்படி என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் வீடு வைகைக்கு எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். எனக்குச் சித்திரையில் தேதி கொடுத்திருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அதனால் அந்த இரண்டு நாளும் அக்காவை எங்கள் வீட்டிலேயே தங்கச் சொல்லிவிட்டேன்.

வலி வரும் நேரத்தைக் குறித்துவைக்க ஆப் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு கைக்கடிகாரம் போதும், போன் சார்ஜ் மிஞ்சும். வெந்நீர்ப் பை கட்டாயம் வேண்டும்.

பின்சேர்க்கை: அரசு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பிரசவத்தின்போது துணை இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இலேயே சொல்லியிருக்கிறது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடையில் கடைசிவரை கூடவே இருக்க வேண்டும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. நடைமுறையில் வீட்டுப் பெண் ஒருவர்தான் போவார். அப்படியென்றால் டூலாவைப் பிரசவத்துக்கு அழைக்காமல், ஒன்பதாம் மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வரச்சொல்லி, உள்ளே வரப்போகிற சித்திக்கோ அக்காவுக்கோ இடுப்பு அழுத்தும் விதத்தையும் மூச்சுப் பயிற்சியையும் சொல்லித்தரச் சொல்லுங்கள். அழாமல் நிற்கக்கூடியவராகப் பார்த்து அனுப்புங்கள்.