அம்மாவுக்கு ஐந்து, மகளுக்கு இரண்டு: வாழ்க்கைத் தரத்தை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கொழும்பு வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு. அம்மாவுக்கு 76, எனக்கு 49, மகளுக்கு 22. மூவரில் யார் நன்றாக வாழ்கிறார்கள் என்று கேட்டிருந்தால், போன வருடம் வரை யோசிக்காமல் மகளைத்தான் காட்டியிருப்பேன். ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு முறையாகக் கேட்டுப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நீங்களும் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கு அரை மணித்தியாலம் போதும்.

கேள்விகளை நீங்களாக உருவாக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்கமான வாழ்க்கைத் தரக் கேள்விக்கொத்தில் 26 கேள்விகள் இருக்கின்றன. உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். கடந்த இரண்டு கிழமையை மட்டும் நினைத்து 1 முதல் 5 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். தாம்பத்தியம் பற்றியும் ஒரு கேள்வி உண்டு. அதை அம்மாவிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை, தாண்டிவிட்டேன். பட்டத்துக்கு ஆராய்ச்சியா செய்கிறோம்?

ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்க அம்மாவிடம் நித்திரை எப்படி என்று கேட்டேன். அவர் வாயைத் திறக்குமுன் நானே, "எங்க நித்திரை, ராவில மூன்று தரம் எழும்புறீங்கள்" என்றேன். 2 போடச் சொன்னார். மறுநாள் பின்னேரம் பால்கனியில் தனியாகக் கேட்டால் 4. "எழும்பினாலும் திரும்பப் படுக்க வந்திடும் பிள்ளை. விடிய வேலைக்கு ஓடவே போறன்?"

வலி பற்றிய கேள்வியில் கவனம். அங்கே 5 என்றால் மோசம், ஆகவே சொன்ன எண்ணை 6இலிருந்து கழித்து எழுதுங்கள். மருந்து, மனச்சோர்வு பற்றிய கேள்விகளும் அப்படியே. நான் மறந்துபோய் அம்மாவின் முழங்காலை ஒரு நாள் முழுக்கக் கொப்பியில் சுகப்படுத்தி வைத்திருந்தேன். நான்கு பகுதிகளையும் கூட்டி ஒரே மொத்தமாக்காதீர்கள், பகுதி பகுதியாகவே ஒப்பிடுங்கள்.

இனி முக்கியமான இடம். பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்ற கேள்விக்கு அம்மா 5, மகள் 2. ஒரே வீடு, ஒரே ரோட்டு. எண்ணை எழுதியவுடன், "எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்கள்?" என்று கேளுங்கள். பதிலைப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அம்மா தமிழரைத் தேடித் தேடி அடித்த 1983 ஆடிக் கலவரத்தைச் சொன்னார். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதிலேறிப் பக்கத்து வீட்டில் ஒளிந்திருந்த இரவு. அந்த அளவுகோலில் எது வந்தாலும் 5தான். மகள் சொன்னது நேற்று மாலை பஸ்ஸில் உரசிக்கொண்டு நின்ற ஒருவனை. இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் "வயதானவர்களுக்குப் பயமில்லை" என்று இதிலிருந்து முடிவெடுத்தால் பிழை. அது வயது தந்த நிம்மதியா, அந்தத் தலைமுறை பட்டதன் தழும்பா என்று ஒரு முறை கேட்டுப் பிரிக்க முடியாது.

மனப் பகுதியில் ஆகக் குறைவு நான். நடுவயதில் மனநிறைவு பள்ளத்தில் விழுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அது கொஞ்சம் ஆறுதல். எல்லா இடத்திலும் அப்படியில்லை. 2024 உலக மகிழ்ச்சி அறிக்கையின்படி அமெரிக்காவிலும் கனடாவிலும் 30 வயதுக்குக் கீழானவர்கள் 60 தாண்டியவர்களைவிடக் கீழே நிற்கிறார்கள். ரொறன்ரோவிலிருக்கும் தம்பி இதைக் கேட்டுவிட்டு, தன் மகனைக் கேட்கவே பயம் என்றான்.

ஆகக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். அம்மாவுக்கு அது போக்குவரத்து: 1. முழங்கால்தான் காரணம் என்று நினைத்தேன். "காலில்லை பிள்ளை. நூறாம் நம்பர் பஸ், மற்றக் காலை வைக்கமுன்னமே எடுத்திடுவான்." சரி, இப்போது வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்கு ஓட்டோ. மகளின் பஸ்ஸுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். ஆனால் பழைய பக்கத்தைக் காட்டவே காட்டாதீர்கள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "போன முறை நாலு சொன்னனான், அதையே போடு" என்றார்.